வீட்டுப் படங்களுக்கு வீட்டிலேயே ஒரு சர்வர்: கொங்குப் பக்கத்துக் குடும்பங்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கல்யாண ஆல்பம் பீரோவில் இருக்கும், அந்தப் படங்களின் பென்டிரைவ் எங்கே என்று யாருக்கும் நினைவிருக்காது. மிச்சமெல்லாம் நாலைந்து ஃபோன்களில் சிதறிக் கிடக்கும். அதையெல்லாம் எப்போதும் ஓடும் ஒரு கம்ப்யூட்டரில் (அதுதான் சர்வர்) ஒரே இடத்தில் சேர்த்து, திறமூல (நிரல் எல்லாருக்கும் திறந்திருக்கும்) மென்பொருளைக் கொண்டு வீட்டிலேயே பார்த்துக்கொள்ள நினைப்பவர்களுக்கானது இந்தப் பக்கம். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம். மென்பொருள் இன்று ஒன்று, பத்து வருடம் கழித்து வேறொன்று. படக் கோப்பும், அதற்குள் பதிந்திருக்கும் சரியான தேதியும்தான் சொத்து. கீழே உள்ள பதில்கள் பெரும்பாலும் இதை ஒட்டியே வரும்.

ஏனுங்க, கூகுள் போட்டோஸ்லயே எல்லாம் இருக்குதே, இதெல்லாம் எதுக்குங்க?

2021 ஜூன் 1 முதல் அங்கே கணக்கில்லாத இலவச இடம் கிடையாது. 15 ஜிபிக்குள் மெயில், டிரைவ், படம் மூன்றும் அடங்க வேண்டும். அதற்கு மேல் போனால் சந்தா. “இடம் மிச்சம்” அமைப்பில் ஏற்றிய படங்கள் 16 மெகாபிக்சலுக்குள் சுருக்கப்பட்டவை, அவற்றின் அசல் அங்கே இல்லை. கணக்கும் ஒருவர் பேரில் இருப்பது. அது முடங்கினால் குடும்பத்தின் படம் மொத்தமும் முடங்கும்.

ஆனால் மாதம் ஒரு மணி நேரம் ஒதுக்க முடியாதவர்கள் சர்வர் வைக்க வேண்டாம். சந்தாவைத் தொடருங்கள், வருடத்துக்கு ஒருமுறை எல்லாவற்றையும் இறக்கி ஒரு ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வையுங்கள். கவனிப்பாரற்ற சர்வரை விட அது எவ்வளவோ மேல்.

எந்த மென்பொருளை எடுப்பது?

எங்கள் பரிந்துரை இரண்டு சேர்ந்தது: படங்களை ஒழுங்குபடுத்த டிஜிகேம், குடும்பமே பார்க்க இம்மிச்.

டிஜிகேம் கம்ப்யூட்டரில் ஓடும் செயலி, 2002 முதல் இருக்கிறது. தேதி திருத்தவும், மொத்தமாகப் பெயர் மாற்றவும், குறிச்சொல் போடவும் அதைப் போல் ஒன்றில்லை. இம்மிச் சர்வரில் ஓடுவது. ஃபோனில் எடுத்த படம் தானாக வந்து சேரும், முகம் பிரிக்கும், தேடும், வரைபடத்தில் காட்டும். தொடக்க வருடங்களில் ஒவ்வொரு அப்டேட்டிலும் ஏதாவது உடைந்துகொண்டிருந்தது. 2025 அக்டோபரில் 2.0 நிலையான பதிப்பு வந்த பிறகு அந்தப் பயம் குறைந்துவிட்டது.

ஏற்கெனவே நெக்ஸ்ட்கிளவுட் (சொந்தக் கோப்புச் சேமிப்பு மென்பொருள்) வைத்திருப்பவர்களுக்கு அதிலேயே மெமரீஸ் என்ற இணைப்பு போதும். ஃபோட்டோபிரிஸமும் நல்லதுதான். போல்டரில் இருப்பதை அப்படியே வாசித்துக் காட்டும், ஆனால் ஃபோனிலிருந்து தானாக ஏற்ற வேறொரு செயலியைத் துணைக்கு வைக்க வேண்டும். என்டே என்பது படத்தை முழுக்க மறையாக்கம் செய்து, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி, வைப்பது (மலையாளத்தில் “என்னுடைய” என்று பொருள்). சர்வரைத் திறந்து பார்த்தால் உங்களுக்கே படம் தெரியாது. வாடகை சர்வரில் வைப்பவர்களுக்கு அது பொருந்தும். சொந்த வீட்டு டிஸ்க்கில், நாளைக்குப் பிள்ளைகள் திறந்து பார்க்க வேண்டிய படங்களுக்கு நாங்கள் அதைச் சொல்ல மாட்டோம்.

என்ன மெஷின் வேண்டும்? பழைய லேப்டாப் ஆகுமா?

இம்மிச்சுக்கு 6 ஜிபி ராம் குறைந்தபட்சம், 8 இருந்தால் நிம்மதி. பிராசஸர் கோர் 2 போதும், 4 இருந்தால் நல்லது. இன்டெல் என்100 பிராசஸர் போட்ட மினி பிசி, 16 ஜிபி ராம், 500 ஜிபி எஸ்எஸ்டி, படங்களுக்குத் தனியாக 4 டிபி ஹார்ட் டிஸ்க் என்று எடுத்தால் ஒரு பெரிய குடும்பத்துக்குப் பல வருடம் தாங்கும்.

பழைய லேப்டாப்பும் ஆகும், அதன் பேட்டரியே யுபிஎஸ் மாதிரி உதவும். ஆனால் 24 மணி நேரமும் சார்ஜில் கிடந்தால் பேட்டரி உப்பும். பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை அமைப்பு) 60 அல்லது 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதி இருந்தால் போடுங்கள். டச்பேட் மேலெழுந்து வந்தாலோ மூடி சரியாக மூடாமல் போனாலோ பேட்டரியை உடனே கழற்றிவிடுங்கள்.

ராஸ்பெர்ரி பை 5-இல் 8 ஜிபி உள்ளது ஓடும். அதற்குரிய 5 ஆம்பியர் அடாப்டர் இல்லாவிட்டால் யுஎஸ்பி துளைகளுக்கு மொத்தம் 600 மில்லி ஆம்பியர்தான் கிடைக்கும். ஹார்ட் டிஸ்க் திடீர் திடீரென்று துண்டித்துப் போவதற்கு அதுதான் காரணம்.

இடக் கணக்கு: ஃபோன் படம் ஒன்று 3 முதல் 5 எம்பி. 50,000 படம் என்றால் 200 ஜிபி சுமார். 4கே வீடியோ நிமிடத்துக்கு 170 முதல் 400 எம்பி வரை போகும், இடத்தைத் தின்பது அதுதான். இவற்றுக்கு மேல் சிறு உருவங்களுக்கும் மாற்றிய வீடியோக்களுக்கும் 10–20 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள்.

கரண்ட் பில் எகிறுமா?

எகிறாது. மினி பிசியும் ஒரு 3.5 அங்குல டிஸ்க்கும் சேர்ந்து 18 வாட் என்று வைத்தால், இரண்டு மாதத்துக்கு 26 யூனிட். ஏற்கெனவே 500 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீடு என்றால் மட்டும் யோசியுங்கள், அந்தக் கோட்டைத் தாண்டினால் கட்டண விகிதமே மாறும்.

மாசா மாசம் பராமரிப்புன்னு பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்தறாங்க. சர்வர் கெட்டுப் போகாதுங்களா?

நீண்ட மின்தடையால் கெடுதல் இல்லை. சட்டென்று போய்ச் சட்டென்று வருவதால்தான் கெடுதல். டேட்டாபேஸ் (படங்களின் விவரங்களை மென்பொருள் பதிந்து வைக்கும் இடம்) எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அது சிதையலாம்.

600 விஏ யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள், யுஎஸ்பி கேபிள் உள்ளதாக. அந்தக் கேபிளைச் சர்வரில் சொருகி, நட் என்ற திறமூல நிரலை நிறுவினால், பேட்டரி குறையும்போது சர்வர் தானாக முறையாக அணையும். கேபிள் இல்லாத யுபிஎஸ் பத்து இருபது நிமிடம் தாங்கிவிட்டு அதே மாதிரி சட்டென்றுதான் சாகும். மின்சாரம் வந்ததும் தானாக எழும்ப, பயாஸில் அதற்கான அமைப்பைப் போட்டு வையுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் மாட்டுவதானால் பின்பக்கச் சுவிட்சை யுபிஎஸ் நிலைக்கு மாற்றுங்கள். இன்வெர்ட்டர் நிலையில் மாறும் இடைவெளி அதிகம், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

இன்னொரு கண்ணி: மின்சாரம் வந்து சர்வர் எழும்பும்போது யுஎஸ்பி டிஸ்க் சில நேரம் பின்தங்கி எழும்பும். படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் போல்டர் இருக்கும். இம்மிச் தன் போல்டர்களில் சிறு அடையாளக் கோப்பு ஒன்றை வைத்திருக்கிறது. அது காணாவிட்டால் ஓடவே மறுக்கும். “மென்பொருள் கெட்டுவிட்டது” என்று அழித்து நிறுவாதீர்கள். டிஸ்க் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். டிஸ்க்கை அதன் மாறாத தனி அடையாளமான யூயூஐடி எண்ணைக் கொண்டு ஏற்றும்படி அமைத்தால் பெயர் மாறும் குழப்பம் வராது.

சித்திரை, ஐப்பசி இடி மழையில் ஆபத்து பிளக் வழியாக மட்டும் வருவதில்லை. தோட்டத்து வீட்டுக்கும் சாளைக்கும் நடுவே வெட்டவெளியில் இழுத்த லேன் கேபிள் வழியாகவும் வரும். அந்த இடத்துக்கு ஃபைபர் போடுங்கள், இல்லாவிட்டால் வயர்லெஸ்.

சோமனூர், பல்லடம் மாதிரி தறி ஓடும் ஊர்களில் பஞ்சுதான் எமன். ஃபேன் வாயில் ஒரு மாதத்திலேயே மெத்தை மாதிரி படியும், சூடேறி மெஷின் மெதுவாகும். ஃபேன் இல்லாத மினி பிசி எடுங்கள், அல்லது மாதம் ஒருமுறை ப்ளோயர் அடியுங்கள். அடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், காற்றில் கட்டுமீறிச் சுழன்றால் பேரிங் போய்விடும்.

நிறுவும்போது எங்கே தப்பு நடக்கிறது?

டாக்கரில் நிறுவுவதுதான் முறை (மென்பொருளைக் கன்டெய்னர் என்ற தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் கருவி அது). இம்மிச் தளத்திலிருந்து கம்போஸ் கோப்பு (எந்தக் கன்டெய்னர் எப்படி ஓட வேண்டும் என்ற பட்டியல்), அமைப்புக் கோப்பு இரண்டையும் இறக்கி, படம் எங்கே, டேட்டாபேஸ் எங்கே, பாஸ்வேர்டு என்ன என்று நிரப்பி ஓட்டினால், உலாவியில் சர்வர் முகவரியின் 2283 போர்ட்டில் (வாசல் எண்) திறக்கும். நான்கு கன்டெய்னர் ஓடும்: சர்வர், முகம் முதலானவற்றைப் பார்க்கும் கற்றல் பகுதி, ரெடிஸ் வகைத் தற்காலிக நினைவகம், போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ்.

தப்பு நடப்பது பெரும்பாலும் டேட்டாபேஸ் இடத்தில். அது சர்வரிலேயே உள்ள எஸ்எஸ்டியில், லினக்ஸ் (விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம்) வகைப் பார்ட்டிஷனில் இருக்க வேண்டும். விண்டோஸ் வகையான என்டிஎஃப்எஸ், எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில் வைத்தால் உரிமை அமைப்பு ஒத்துவராமல் ஓடாது, நெட்வொர்க் டிஸ்க்கில் வைத்தால் என்றைக்காவது சிதையும். டேட்டாபேஸ் பாஸ்வேர்டில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டும் போடுங்கள். நேர மண்டலத்தை ஏசியா–கொல்கத்தா என்று குறிப்பிட மறக்காதீர்கள்.

முதல் தடவை முகமும் தேடலும் அட்டவணை போட ஒரு நாளுக்கு மேல் ஓடலாம். கோடையில் அந்த வேலைகளின் இணை எண்ணிக்கையை 1 ஆகக் குறைத்து ராத்திரியில் விடுங்கள்.

போல்டரை எப்படிப் பிரிப்பது?

வருடம், அதற்குள் நிகழ்ச்சி. அவ்வளவுதான். “2019” போல்டருக்குள் “2019-01-16 பட்டிப் பொங்கல்”, “2019-08-22 காதுகுத்து” என்று. தேதியை வருடம்–மாதம்–நாள் என்ற வரிசையில் எழுதினால் எந்தக் கம்ப்யூட்டரிலும் தானாக வரிசையாகும். ஆள் பேரில் போல்டர் வேண்டாம். அம்முச்சியும் பேரனும் ஒரே படத்தில் இருந்தால் எந்தப் போல்டரில் போடுவீர்கள்? ஆளுக்குக் குறிச்சொல்லும் முகமும் இருக்கின்றன.

பழைய சேகரிப்பை இம்மிச்சுக்குள் பதிவேற்றாமல், இந்தப் போல்டர்களை “வெளி நூலகம்” ஆகக் காட்டுங்கள், வாசிக்க மட்டும் உரிமை கொடுத்து. படம் உங்கள் போல்டரிலேயே கிடக்கும், மென்பொருளால் தொட முடியாது. இரண்டு விஷயம் கவனிக்க: கம்போஸ் கோப்பில் அந்தப் போல்டரை உள்ளே இணைத்திருக்க வேண்டும், இம்மிச்சில் கொடுக்க வேண்டிய பாதை கன்டெய்னருக்கு உள்ளே தெரியும் பாதை, வெளியே உள்ளது அல்ல. “படம் ஒன்றும் வரவில்லை” என்ற புகாரில் முக்கால்வாசி இதுதான். இரண்டாவது, வாசிக்க மட்டும் என்பதால் இம்மிச்சில் தேதியைத் திருத்தினால் படத்தின் பக்கத்தில் துணைக் கோப்பு எழுத முடியாது. திருத்துவதை டிஜிகேமில் செய்து, நூலகத்தை மறுபடி ஸ்கேன் செய்யுங்கள்.

ஃபோனில் இருந்து வருவதை மட்டும் இம்மிச் தன் போல்டரில் வைத்துக்கொள்ளட்டும். “சேமிப்பு வார்ப்புரு” என்ற அமைப்பு முதலில் அணைந்தே இருக்கும். அதை இயக்கி வருடம், மாதம் என்று வைத்தால் கோப்புகள் மனிதர் வாசிக்கும் பெயரில் கிடக்கும். இல்லாவிட்டால் நீளமான எண்–எழுத்துப் பெயர்களாக இருக்கும்.

போல்டருக்குத் தமிழில் பெயர் வைக்கலாங்களா?

தாராளமாக. மூன்று விஷயம் தெரிந்திருந்தால் போதும்.

லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் எல்லை. தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட், கொம்பும் காலும் புள்ளியும் தனித்தனியாகக் கணக்காகும். “காங்கேயம்” என்பது கண்ணுக்கு 5 எழுத்து, கணக்குக்கு 9 குறியீடு, 27 பைட். ஆக 85 குறியீட்டுக்குள் பெயரை முடியுங்கள்.

பொ, கோ மாதிரி எழுத்துகளை யூனிகோடில் (கம்ப்யூட்டரின் எழுத்துக் குறியீட்டு முறை) இரண்டு விதமாக எழுதலாம்: ஒரே குறியாக, அல்லது கொம்பு தனி, கால் தனியாக. பழைய மேக் டிஸ்க்குகள் இரண்டாகப் பிரித்தே சேமிக்கும். அங்கிருந்து வந்த “பொங்கல்” போல்டரும் நீங்கள் லினக்ஸில் உருவாக்கிய “பொங்கல்” போல்டரும் கண்ணுக்கு ஒன்று, கம்ப்யூட்டருக்கு இரண்டு. தேடினால் ஒன்று கிடைக்காது. நாம் அதிகம் எழுதும் பொங்கல், கோயில், தோட்டம், பொள்ளாச்சி, கோபி எல்லாமே இதில் மாட்டும். இதற்கென்றே உள்ள கான்வ்எம்வி என்ற லினக்ஸ் கருவியால் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடலாம்.

மூன்றாவது, பெயரில் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் வேண்டாம். விண்டோஸ் டிஸ்க்குக்குப் பேக்கப் எடுக்கும்போது அந்தக் கோப்பு மட்டும் நின்றுபோகும்.

ஸ்டுடியோவில் கொடுத்த கல்யாணப் படங்கள் வரிசை மாறிக் கிடக்கின்றன. ஏன்?

இரண்டு கேமரா, இரண்டு கடிகாரம். ஒன்றில் காலை–மாலை மாறியிருக்கும், இன்னொன்று பேட்டரி மாற்றியபின் சரி செய்யப்படாமல் இருக்கும். எனவே தாலி கட்டிய பிறகு இணைச்சீர் நடப்பது மாதிரி வரிசை வரும். இது முழுக்கச் சரி செய்யக் கூடியது.

முதலில் படங்களை நகல் எடுங்கள், நகலில்தான் வேலை. டிஜிகேமில் கேமரா மாடல் வாரியாகப் பிரித்துத் தனித்தனிப் போல்டரில் போடுங்கள். ஒரே மாடலில் இரண்டு இருந்தால் கோப்புப் பெயரின் எண் தொடர் காட்டிக்கொடுக்கும். அடுத்து, இரண்டு கேமராவிலும், யாராவது உறவினரின் ஃபோனிலும் பதிவான ஒரே கணத்தைத் தேடுங்கள். தாலி முடிச்சுப் போடும் நொடி எல்லார் கேமராவிலும் இருக்கும். ஃபோன் கடிகாரம் நெட்வொர்க்கிலிருந்து சரியாவது, அதை நம்பலாம்.

ஃபோன் 6:42:10 என்கிறது. முதல் கேமரா 18:39:40, இரண்டாவது 5:12:10. அப்படியானால் முதலாவது 11 மணி 57 நிமிடம் 30 நொடி முந்துகிறது, இரண்டாவது 1 மணி 30 நிமிடம் பிந்துகிறது. டிஜிகேமின் “நேரம் தேதி சரிசெய்” கருவியில் முதல் போல்டருக்கு அவ்வளவு கழியுங்கள், இரண்டாவதற்கு அவ்வளவு கூட்டுங்கள். முதலில் பத்துப் படத்துக்கு மட்டும் செய்து பாருங்கள். சரிபார்க்க வேறொரு கணம் எடுங்கள், மணமேடையில் மாலை மாற்றுவது மாதிரி. முகூர்த்தத்தில் பொருந்தி முதல் நாள் மாலை நிகழ்ச்சியில் பொருந்தாவிட்டால், நடுவில் யாரோ கடிகாரத்தைத் தொட்டிருக்கிறார்கள். இரண்டு பகுதியாகப் பிரித்துத் தனித்தனியாக நகர்த்த வேண்டும்.

இதையே எக்ஸிஃப்டூல் என்ற கட்டளைக் கருவியிலும் செய்யலாம். அது ஒவ்வொரு படத்துக்கும் அசல் நகல் ஒன்றை விட்டுச்செல்லும். 4,000 படத்துக்குச் செய்தால் பிடிக்கும் இடம் இரட்டிப்பாகும், சரிபார்த்த பின் நகல்களை நீக்குங்கள்.

வீடியோ மட்டும் அஞ்சரை மணி நேரம் தள்ளி வருதுங்க?

வீடியோ கோப்பில் நேரம் உலகப் பொது நேரத்தில் எழுதப்பட வேண்டும் என்பது விதி. ஃபோன்கள் அப்படியே எழுதும். பல கேமராக்கள் நம் நேரத்தையே பொது நேரம் என்று எழுதிவிடும். மென்பொருள் நம்பி 5:30 கூட்டும், காலை 6 மணி முகூர்த்தம் 11:30-க்குப் போய் உட்காரும். அந்தக் கேமரா வீடியோக்களுக்கு மட்டும் 5 மணி 30 நிமிடம் கழியுங்கள்.

கூகுளில் இருப்பதை எப்படி இறக்குவது?

கூகுள் டேக்அவுட்டில் (உங்கள் தரவை இறக்கித் தரும் சேவை) போட்டோஸ் மட்டும் தேர்ந்தெடுத்து, கோப்பு அளவு 50 ஜிபி என்று வைத்து வாங்குங்கள். இறக்கும் இணைப்பு ஒரு வாரம்தான் செல்லும். பராமரிப்பு மின்தடை இல்லாத நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள்.

அவிழ்த்தால் படத்துக்குப் பக்கத்தில் ஒரு ஜேசான் கோப்பும் இருக்கும். கூகுளில் நீங்கள் திருத்திய தேதி, எழுதிய விளக்கம் எல்லாம் அதில்தான், படத்துக்குள் இல்லை. படத்தை மட்டும் பொறுக்கி எடுத்தால் திருத்தமெல்லாம் போகும். ஜேசான் கோப்புகளின் பெயர் பாதியில் வெட்டப்பட்டும் இருக்கும், கையால் பொருத்தவே முடியாது. இம்மிச்-கோ என்ற கருவி ஜிப்பை அவிழ்க்காமலே படித்து, ஜேசானைப் பொருத்தி, ஆல்பங்களோடு ஏற்றும். முதலில் ஒத்திகை ஓட்டம் விட்டு எண்ணிக்கையைப் பாருங்கள். எல்லா ஜிப்பையும் ஒரே ஓட்டத்தில் கொடுங்கள். படம் ஒரு ஜிப்பிலும் அதன் ஜேசான் இன்னொன்றிலும் இருப்பது வழக்கம்.

பேக்கப் எடுத்து, அதிலிருந்து மீட்டும் பார்க்கும் வரை கூகுளில் ஒன்றையும் அழிக்காதீர்கள்.

வாட்ஸ்அப் படங்கள்?

ஃபோன் ஏற்றும் பட்டியலில் வாட்ஸ்அப் போல்டரைச் சேர்க்காதீர்கள். காலை வணக்கமும் துணிக்கடை விளம்பரமும் நிரம்பிவிடும். வேண்டியதை மட்டும் கையால் ஏற்றுங்கள். அங்கே வந்த படத்தில் எடுத்த தேதியும் இடமும் நீக்கப்பட்டிருக்கும், அளவும் குறைந்திருக்கும். கோப்புப் பெயரில் உள்ள தேதி அனுப்பிய நாள், எடுத்த நாள் அல்ல. நல்ல படம் என்றால் அனுப்பியவரிடமே “டாக்குமென்ட்டா அனுப்புங்க” என்று கேளுங்கள். அப்படி வந்தால் அசல் கோப்பு அப்படியே வரும்.

அப்பாரு காலத்துப் படங்களை ஸ்கேன் செய்வது எப்படி? தேதி என்ன போடுவது?

6×4 அங்குலப் படத்துக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) போதும், 3600×2400 பிக்சல் வரும். அதைவிடச் சிறிய படங்களுக்கு 1200. கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட படத்தைப் பிய்க்காதீர்கள், மேல்பூச்சு கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டுடியோ முத்திரையும் பென்சில் எழுத்தும் அங்கேதான்.

கல்யாணப் படமென்றால் பத்திரிகையைத் தேடிப் பிடியுங்கள், தேதி கிடைத்துவிடும். அதில் தமிழ் வருடம் மட்டும் இருந்தால் ஒரு கவனம். ருத்ரோத்காரி வருடம் என்பது 1983 சித்திரையில் தொடங்கியது. “ருத்ரோத்காரி தை” என்றால் 1983 அல்ல, 1984 ஜனவரி–பிப்ரவரி. தையும் மாசியும் பங்குனியும் எப்போதும் அடுத்த ஆங்கில வருடத்தில் விழும். அறுபது வருடச் சுழற்சி என்பதால் அதே பெயர் 1923-இலும் வந்திருக்கும். படத்தில் இருப்பவர்களின் வயதைப் பார்த்து எது என்று முடிவு செய்யுங்கள்.

வருடம் மட்டும் தெரிந்தால் ஜனவரி 1 என்று போட்டு, “தேதி உத்தேசம்” என்ற குறிச்சொல்லைச் சேருங்கள். அந்தக் குறிச்சொல் இல்லாவிட்டால் நாலு வருடம் கழித்து நீங்களே அதை உண்மைத் தேதி என்று நம்பிவிடுவீர்கள்.

இதை முதலில் செய்யுங்கள். மற்ற படங்கள் காத்திருக்கும். படத்தில் நிற்கும் பங்காளி யார், அந்தச் சீர் எந்த ஊரில் நடந்தது என்று சொல்லக்கூடிய ஆத்தாவும் அப்புச்சியும் இருக்கும்போதே கேட்டு விளக்கத்தில் எழுதிவிட வேண்டும்.

முகம் பிரிப்பது எவ்வளவு நம்பகம்?

பெரியவர்களுக்கு நன்றாகவே வரும். கைக்குழந்தை வளர வளர வேறு ஆளாகப் பிரியும், அக்கா தங்கை ஒன்றாகச் சேர்வார்கள். பிரிந்ததை இணைப்பது ஒரு சொடுக்கு, தவறாகச் சேர்ந்ததைப் பிரிப்பதுதான் பெரும்பாடு. ஆகவே ஐயமிருந்தால் இணைக்காதீர்கள். குறைந்தது 3 முகம் சேர்ந்தால்தான் ஒரு ஆளாகக் காட்டும் என்பது இம்மிச்சின் தொடக்க அமைப்பு. ஒரே ஒரு படம் மட்டுமே இருக்கும் முன்னோர்கள் அதனால் பட்டியலில் வரமாட்டார்கள். அந்தப் பெயர்களை டிஜிகேமில் கையால் பெட்டி வரைந்து எழுதுங்கள். டிஜிகேம் அமைப்பில் கோப்பில் எழுதுவதை இயக்கியிருந்தால் அது கோப்புக்குள்ளேயே பதியும். இம்மிச்சில் “கோப்பிலிருந்து முகங்களை எடு” என்ற அமைப்பை இயக்கினால் அங்கேயும் வரும். இம்மிச்சில் வைக்கும் பெயர்கள் டேட்டாபேஸில் மட்டுமே இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

“தென்னந்தோப்பு”, “காளை” என்று தமிழில் தேட வேண்டுமானால் தேடல் மாடலைப் பன்மொழி மாடலாக மாற்றி, தேடல் வேலையை எல்லாப் படத்துக்கும் மறுபடி ஓட்ட வேண்டும். தொடக்கத்தில் வருவது ஆங்கிலத்துக்கானது.

பெங்களூருல இருக்கற பையன் எப்படிப் பார்ப்பான்?

டெயில்ஸ்கேல் போடுங்கள். வீட்டுச் சர்வரிலும் அவர் ஃபோனிலும் நிறுவி ஒரே வலையில் சேர்த்தால் போதும். பல வீட்டு இணைப்புகளில் பொது ஐபி (வெளியிலிருந்து நேராக வருவதற்கான முகவரி) கிடையாது, போர்ட் திறந்தாலும் வேலை செய்யாது. இது அதைத் தாண்டிப் போகும். ரவுட்டரில் ஒரு போர்ட்டும் திறக்க வேண்டியதில்லை.

உறவினர் எல்லாரும் ஆப் போடமாட்டார்கள் என்றால், உலாவியிலேயே பார்க்கக் கிளவுட்ஃபிளேர் டனல் ஒரு வழி. இலவசத் திட்டத்தில் ஒரே ஏற்றம் 100 எம்பிக்கு மேல் போகாது, எனவே பார்க்க மட்டும் அதைப் பயன்படுத்துங்கள். பகிரும் இணைப்புக்குப் பாஸ்வேர்டும் காலாவதித் தேதியும் கட்டாயம்.

பேக்கப்?

மூன்று நகல், இரண்டு விதச் சாதனம், ஒன்று வேறு ஊரில். கோவையில் குடியிருந்தால் ஒரு டிஸ்க் தாராபுரத்துத் தோட்டத்து வீட்டில் இருக்கட்டும். நோம்பிக்குப் போகும்போதெல்லாம் இங்கிருக்கும் டிஸ்க்கைக் கொண்டுபோய் அங்கிருப்பதை எடுத்து வாருங்கள். மாற்றும் நேரம் தவிர இரண்டு டிஸ்க்கும் ஒரே வீட்டில் இருக்கக் கூடாது. ரெய்டு (ஒரே படத்தை இரண்டு டிஸ்க்கிலும் சேர்த்தே எழுதுவது) பேக்கப் அல்ல. தவறி அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் சேர்ந்தே அழியும்.

இம்மிச்சுக்குப் படப் போல்டர் மட்டும் போதாது, டேட்டாபேஸும் வேண்டும். தினமும் அதிகாலை 2 மணிக்கு அதுவே டேட்டாபேஸ் நகல் எடுத்து, கடைசி 14-ஐ பேக்கப்ஸ் போல்டரில் வைக்கும். ஆனால் அந்த நகலில் படம் இருக்காது. அது இருப்பதும் அதே டிஸ்க். இரண்டையும் சேர்த்து ரெஸ்டிக் என்ற பேக்கப் கருவி மூலம் வெளி டிஸ்க்குக்கு அனுப்புங்கள். சிறு உருவங்கள் இருக்கும் தம்ப்ஸ் போல்டரையும் மாற்றிய வீடியோ போல்டரையும் விட்டுவிடலாம், மறுபடி உருவாக்கிக்கொள்ளும்.

ஆறு மாதத்துக்கு ஒருமுறை வேறொரு கம்ப்யூட்டரில் மீட்டுப் பாருங்கள். பழைய, நடு, புதிய வருடங்களிலிருந்து பத்துப் பத்துப் படம் திறந்து பாருங்கள், ஒரு வீடியோவைக் கடைசி வரை ஓட்டுங்கள்.

அப்டேட் எப்போது?

வந்த அன்றே வேண்டாம். வெளியீட்டுக் குறிப்பைப் படித்து, பேக்கப் எடுத்து, பிறகு. குலதெய்வக் கோயிலுக்குக் கிளம்பும் முதல் நாள் ராத்திரி நிச்சயம் வேண்டாம்.

இதெல்லாம் எனக்கு மட்டுந்தானுங்க தெரியும். நான் இல்லீனா?

அதனால்தான் ஒரு நகல் மறையாக்கம் இல்லாமல், எக்ஸ்ஃபேட் டிஸ்க்கில், வெறும் போல்டர்களாக இருக்க வேண்டும். எந்த விண்டோஸ் லேப்டாப்பில் சொருகினாலும் படம் திறக்கும், இம்மிச்சும் லினக்ஸும் தெரிய வேண்டியதில்லை. ஒரு தாளில் கையால் எழுதுங்கள்: எந்த டிஸ்க் எங்கே இருக்கிறது, சர்வர் பாஸ்வேர்டு, ரெஸ்டிக் பாஸ்வேர்டு, மெயில் கணக்கு, கடைசியாகப் பேக்கப் எடுத்த தேதி. ரெஸ்டிக் பாஸ்வேர்டு தொலைந்தால் அந்த நகலை யாராலும் திறக்க முடியாது. தாளை நிலப் பத்திரம் இருக்கும் கோப்பில் வைத்து, வீட்டில் இன்னொருவரை அந்த டிஸ்க்கைத் தானே சொருகி ஒரு படத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பக்கத்தில் நின்று சொல்லித்தராமல், தாளை மட்டும் கொடுத்து. அவர் எங்கே தடுமாறுகிறாரோ அந்த வரியைத் திருத்தி எழுதுங்கள்.